அப்புச்சியின் அட்டையும் ஏழு பைட்டும்

72, 137, 248, 72, 1, 240, 195.

இந்த ஏழு எண்களை ஏழு பைட்டாக மெமரியில் வரிசையாக எழுதி, "இங்கே இருப்பது வெறும் டேட்டா கிடையாது, ஓட்டக்கூடிய கோடு" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் அனுமதியும் வாங்கி, அந்த முகவரிக்குக் குதித்தால், நாம் கொடுக்கும் இரண்டு முழு எண்களைக் கூட்டி விடை வரும். 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பும் லினக்ஸும் இருந்தால் போதும். முதல் மூன்று பைட் முதல் எண்ணை விடை வைக்கும் ரெஜிஸ்டருக்கு, அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி சேமிப்பிடத்துக்கு, கொண்டுபோகிறது, அடுத்த மூன்று பைட் இரண்டாவது எண்ணை அதில் கூட்டுகிறது, கடைசியில் நிற்கும் 195 கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்கிறது. ஜஸ்ட் இன் டைம் கம்பைலர், பேச்சில் ஜிட், என்பதன் கரு இவ்வளவுதான்: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தானே புதிதாக, சிப்புக்கு நேரடியாகப் புரியும் மெஷின் கோடு எழுதி, எழுதிய கையோடு அதை ஓட்டுவது.

நானும் என் சித்தப்பா பையனும் சேர்ந்து ஒரு குட்டி ஸ்கிரிப்டிங் மொழி எழுதி வைத்திருந்தோம். எண், சரம், பட்டியல், ஃபங்ஷன், லூப், அவ்வளவுதான். அவன் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான், சனிக்கிழமையானால் வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்துவிடுவான். அந்த மொழிக்கு ஒரு ஜிட் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம், முதல் நாள் ராத்திரியே மேலே சொன்ன ஏழு பைட் ஓடிவிட்டது. "ஏங்ண்ணா, இவ்வளவுதானா? இதுக்குப் போயா பெரிய கம்பெனியில எல்லாம் தனி டீம் வெச்சிருக்காங்க?" என்றான். அன்றைக்கு எனக்கும் அதே சந்தேகம்தான். மாதக்கணக்கில் அடிபட்ட பிறகு இப்போது தெரிகிறது, கோடு எழுதுவது இதில் சின்ன வேலை. எழுதிய கோடு எந்த நொடியில் பொய்யாகிறதோ அந்த நொடியில் அதைப் பிடித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய பாதைக்குத் திரும்பி வருவதில்தான் முக்கால்வாசி உழைப்பும் போகிறது. திரும்பி வருவது ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிப்பதில் மிச்ச உயிரும் போகிறது.

இதை விளக்க எனக்கு அப்புச்சியை விட்டால் நல்ல உதாரணம் கிடையாது. எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம். கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். வில்லேஜ் ஆபீசிலிருந்து வரும் காகிதமோ மலையாளத்தில் வரும். அப்புச்சிக்கு மலையாளம் நன்றாகப் படிக்க வரும் என்பதால், சாயங்காலம் யாராவது ஒரு கடிதாசியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஒரு வரி படிப்பார், தமிழில் சொல்வார், அடுத்த வரி படிப்பார், தமிழில் சொல்வார். இதுதான் இன்டர்பிரட்டர். நல்ல முறை, எந்தக் காகிதம் வந்தாலும் ஓடும், ஆனால் அதே நில வரி நோட்டீசை இருபது பேர் கொண்டுவந்தால் இருபது தடவையும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சி, ரஸ்ட் மாதிரி மொழிகளில் முழுக் காகிதத்தையும் முன்கூட்டியே பெயர்த்து வைத்துவிடுவார்கள். ஸ்கிரிப்டிங் மொழியில் அது ஏன் முடியவில்லை என்றால், 'அ கூட்டல் ஆ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அங்கே வரப்போவது முழு எண்ணா, தசம எண்ணா, இரண்டு சரங்களா என்று சொல்லவே முடியாது. ஓடும்போதுதான் தெரியும். அதனால் இன்டர்பிரட்டர் அந்த ஒரு கூட்டலுக்கு என்ன பாடு படுகிறது என்று பாருங்கள்: அடுத்த பைட்கோடு கட்டளையை (இன்டர்பிரட்டர் படிப்பதற்காகப் புரோகிராமைச் சுருக்கி எழுதிய வடிவம்) எடுக்கிறது, அது என்ன என்று பார்த்து அதற்குரிய இடத்துக்குத் தாவுகிறது, மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டேக்கிலிருந்து இரண்டு மதிப்பை எடுக்கிறது, இரண்டுக்கும் டைப் பார்க்கிறது, கூட்டுகிறது, விடை இடத்துக்குள் அடங்காமல் வழிந்துவிட்டதா என்று பார்க்கிறது, விடை மேல் டைப் முத்திரை குத்துகிறது, திருப்பி ஸ்டேக்கில் வைக்கிறது. இத்தனைக்கும் நடுவில் கூட்டல் என்பது சிப்புக்கு ஒரே ஒரு கட்டளை. கேரள எல்லையில் இருக்கும் வாளையாறில் வரி செக்போஸ்ட் இருந்த காலத்தில் லாரிகள் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சரக்கு போகவேண்டிய தூரம் கொஞ்சம்தான், காகிதம் காட்டும் நேரம்தான் அதிகம். அங்கே 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வரிசை ஒழிந்தது. ஜிட் செய்ய நினைப்பதும் அதேதான், லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் காகிதம் கேட்பதை விட்டுவிட்டு, வாசலில் ஒரே தடவை கேட்பது.

அப்புச்சியும் ஒரு கட்டத்தில் சலித்துப்போய் ஒரு காரியம் செய்தார். வரி நோட்டீஸ்தானே திரும்பத் திரும்ப வருகிறது? பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நோட்டீஸ் முழுவதையும் தமிழில் எழுதி, பெயர், சர்வே நம்பர், தொகை மூன்றுக்கும் மட்டும் இடம் விட்டுவிட்டார். யாராவது நோட்டீஸ் கொண்டுவந்தால் அந்த மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டு அட்டையிலிருந்து கடகடவென்று ஒப்பிப்பார். அபூர்வமாக வரும் கோர்ட் காகிதத்துக்கு அட்டை கிடையாது, அது பழையபடி வரி வரியாகத்தான். எது அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்து அதற்கு மட்டும் உழைப்பது எல்லா ஜிட்டுக்கும் அடிப்படை. லுவா மொழிக்கு மைக் பால் எழுதிய லுவாஜிட்டில் ஒரு லூப் 56 தடவை சுற்றினால் அது சூடாகிவிட்டது என்று கணக்கு, அதன் பிறகுதான் மெஷின் கோடு. குரோம் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சினான வி8 இதைப் படிப்படியாகச் செய்கிறது, முதலில் இன்டர்பிரட்டர், பிறகு 2021இல் வந்த ஸ்பார்க்பிளக், அதற்கு மேல் 2023இல் வந்த மேக்லெவ், உச்சியில் டர்போஃபேன். மேலே போகப் போக கம்பைல் செய்ய ஆகும் நேரமும் கூடும், கிடைக்கும் கோடும் வேகமாகும்.

பைதான் விஷயம் தனி வேடிக்கை. 2024 அக்டோபரில் வந்த 3.13இல் பரிசோதனையாக ஒரு ஜிட் சேர்த்தார்கள், அந்தப் பதிப்பில் அது தானாக ஓடாது, பைதானை பில்ட் செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதன் உத்திக்குப் பெயர் காப்பி அண்ட் பேட்ச். ஒவ்வொரு பைட்கோடு கட்டளைக்கும் மெஷின் கோடு துண்டுகளை முன்கூட்டியே தயார் செய்து, நடுவில் ஓட்டை விட்டு வைத்திருப்பார்கள், ஓடும்போது துண்டுகளை நகலெடுத்து ஒட்டி, ஓட்டைகளில் உண்மையான முகவரியையும் எண்ணையும் நிரப்புவதோடு சரி. ஹாவோரான் ஷூவும் ஃப்ரெட்ரிக் கியோல்ஸ்டாடும் 2021இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று இடம் விட்ட காலண்டர் அட்டை!

சரி, அட்டைக்கு வருவோம். ஒரு வருஷம் நோட்டீசின் அச்சு மாறிவிட்டது. பழைய பாக்கி என்ற கட்டமும் இந்த வருஷத் தொகை என்ற கட்டமும் இடம் மாறி வந்திருந்தன. அப்புச்சி கவனிக்கவில்லை, பழக்கத்தில் மூன்றாவது கட்டத்தைப் பார்த்து அட்டையிலிருந்து படித்துவிட்டார். வந்தவர் குறைவான பணத்தோடு ஆபீஸ் போய் வெயிலில் திரும்பி நடந்து வந்தார். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அப்புச்சிக்கு முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு அட்டையில் இரண்டு மாற்றம் செய்தார். அட்டையின் தலையில், நோட்டீசின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் படிவ எண்ணைக் குறித்துக்கொண்டார், அது பொருந்தவில்லை என்றால் அட்டையைக் கையிலேயே எடுப்பதில்லை. இரண்டாவது, அட்டையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது நோட்டீசின் எத்தனையாவது வரி என்று எண் போட்டுக்கொண்டார், பாதியில் ஏதாவது இடித்தால் அட்டையைக் கீழே வைத்துவிட்டு மூலத்தில் எந்த வரியிலிருந்து தொடர வேண்டும் என்று உடனே தெரிய வேண்டுமே.

இந்த இரண்டுக்கும் ஜிட் உலகில் பெயர் உண்டு. முதலாவது கார்டு, காவல் சோதனை. இரண்டாவது டீஆப்டிமைசேஷன், சுருக்கமாக டீஆப்ட். 'இந்தக் கூட்டலில் இதுவரை முழு எண்தான் வந்தது, இனியும் அதுதான் வரும்' என்று ஊகித்து வேகமான கோடு எழுதுகிறோம், ஆனால் ஊகத்துக்கு முன்னால் ஒரு காவல் நிற்கும். சரம் வந்துவிட்டாலோ, கூட்டல் 32 பிட்டின் உச்சமான 2147483647ஐத் தாண்டினாலோ, காவல் தடுத்து இன்டர்பிரட்டருக்குத் திருப்பி அனுப்பும்.

இந்த வித்தையெல்லாம் ஜாவாஸ்கிரிப்டுக்காக வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கென் தாம்சன் 1968லேயே ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது எழுத்துக் கோவைகளைத் தேடும் சூத்திரத்தை, ஐபிஎம் 7094 கணினியின் மெஷின் கோடாக அந்தந்த நேரத்தில் மாற்றிக் காட்டிவிட்டார். 1984இல் டாய்ச், ஷிஃப்மன் இருவரும் ஸ்மால்டாக் மொழிக்குச் செய்தார்கள். ஊகம், காவல், திரும்பி வருதல் என்கிற முழு அமைப்பும் செல்ஃப் என்ற மொழியில் உருவானது, கிரெய்க் சேம்பர்ஸ், டேவிட் அங்கர், ஊர்ஸ் ஹோல்ஸ்லே ஆகியோரின் வேலை. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, டீஆப்ட் பற்றிய அவர்களுடைய 1992 கட்டுரை வேகத்தைப் பற்றியதே இல்லை. கசக்கிப் பிழிந்து வேகமாக்கிய கோடு, பிழை தேடும் கருவியான டீபக்கரில் பார்த்தால் அடையாளமே தெரியாது, புரோகிராம் எழுதியவருக்கு அவர் எழுதிய வரியையும் மாறியையும் காட்ட வேண்டும், அதற்காகப் பழைய நிலைக்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பிழை தேடுவதற்குப் போட்ட பாதையில்தான் இன்றைக்கு எல்லா பிரவுசரும் ஓடுகின்றன. செல்ஃப் குழுவில் இருந்த லார்ஸ் பாக் பிறகு ஜாவாவின் ஹாட்ஸ்பாட் எஞ்சினிலும், அப்புறம் 2008இல் குரோமோடு வந்த வி8இலும் முக்கியப் பங்கு வகித்தார்.

திரும்பி வருவது ஏன் அவ்வளவு கஷ்டம்? வேகமான கோடு ஓடும்போது இன்டர்பிரட்டருக்குத் தெரிந்த உலகமே கலைந்து கிடக்கும். 'மொத்தம்' என்ற மாறி ஸ்டேக்கில் இருக்காது, ஏதோ ஒரு ரெஜிஸ்டரில், டைப் முத்திரை இல்லாமல் மொட்டையாக நிற்கும். இன்னொரு மாறி தேவையில்லை என்று கணக்கே போடாமல் விட்டிருப்போம். மூன்று ஃபங்ஷன்களை ஒன்றுக்குள் ஒன்றாக இன்லைன் செய்திருந்தால் ஸ்டேக்கில் ஒரே ஒரு ஃப்ரேம்தான், அதாவது ஒரு ஃபங்ஷனுக்கான பதிவுதான், இருக்கும், திரும்பும்போது மூன்றையும் புதிதாகக் கட்டித் தர வேண்டும். போதாக்குறைக்கு, பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் பொருள்களை இடம் மாற்றும் வகையாக இருந்தால், எந்த ரெஜிஸ்டரில் முகவரி இருக்கிறது, எதில் வெறும் எண் இருக்கிறது என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குறித்து வைத்திருக்க வேண்டும். அப்புச்சி ஓரத்தில் போட்ட வரி எண்தான் இங்கே பெரிய அட்டவணையாக வளர்ந்து நிற்கிறது.

எங்கள் குட்டி ஜிட்டில் நாங்கள் சறுக்கியதும் இங்கேதான். பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக அச்சிட்டு, கூடவே மொத்தமும் போடும் ஒரு லூப். கூட்டல் வழிந்ததும் காவல் பிடித்தது, இன்டர்பிரட்டருக்குத் திரும்பியது, மொத்தமும் சரியாகவே வந்தது. ஆனால் பத்து வரி அச்சாக வேண்டிய இடத்தில் பதினொன்று. அச்சிட்ட பிறகு காவல் பிடித்திருக்கிறது, எங்கள் அட்டவணையோ அச்சிடுவதற்கு முந்தைய கட்டளையைக் காட்டியிருக்கிறது, இன்டர்பிரட்டர் பாவம் சொன்ன இடத்திலிருந்து ஒழுங்காகத் தொடர்ந்து இன்னொரு தடவை அச்சிட்டது. அதுவரை எழுதி வைத்திருந்த டெஸ்ட் அத்தனையும் பச்சை, அதாவது பாஸ். ஏனென்றால் ஒரு டெஸ்ட்டில்கூட காவல் தோற்கவே இல்லை. ஜிட்டைச் சாதாரண டெஸ்ட்டால் சோதிப்பதில் இருக்கும் ஏமாற்று இதுதான், டெஸ்ட் சின்னது, லூப் சூடாவதற்குள் முடிந்துவிடும், நாம் இன்டர்பிரட்டரையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டு ஜிட் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

அதனால் சூடாகும் எல்லையை ஒன்றுக்கு இறக்கி ஒருமுறை, ஜிட்டை முழுக்க அணைத்து ஒருமுறை என ஒவ்வொரு டெஸ்ட்டையும் இரண்டு விதமாக ஓட்டி விடையை ஒப்பிட ஆரம்பித்தோம். அடுத்ததாக, ஊகம் சரியாக இருந்தாலும் காவலை வேண்டுமென்றே பொய் சொல்ல வைத்தோம். ஊகம் தவறாமலேயே திரும்பி வந்தால் வேகம் குறையலாம், விடை மாறக்கூடாது இல்லையா? மாறினால் அட்டவணையில் ஓட்டை. பெரிய எஞ்சின்களிலும் இதற்கென்றே சுவிட்ச் உண்டு. பொருள் ஒன்று உருவாகும் ஒவ்வொரு தடவையும் கார்பேஜ் கலெக்டரை ஓட விடுவது இன்னொன்று, ஆமை வேகத்தில் போகும், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை வரும் மர்மக் கிராஷ் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கும்.

நாமே யோசித்து எழுதும் டெஸ்ட், நாம் யோசித்த தப்பைத்தான் பிடிக்கும். அதற்குத்தான் ஃபஸ்ஸர், கன்னாபின்னாவென்று புரோகிராம்களை உற்பத்தி செய்து தள்ளும் கருவி. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லாவில் ஜெஸ்ஸி ருடர்மன் எழுதிய ஜேஎஸ்ஃபன்ஃபஸ் 2007லிருந்தே இருக்கிறது. சாமுவேல் குரோஸ் எழுதிய ஃபஸ்ஸிலி, எழுத்துகளைக் கலைத்துப் போடாமல் தனக்கென்று ஒரு இடைமொழியில் புரோகிராமை மாற்றி மாற்றிப் பார்க்கிறது, அதனால் வெளியே வருவது பெரும்பாலும் இலக்கணப் பிழையில்லாத, உண்மையிலேயே ஓடக்கூடிய ஜாவாஸ்கிரிப்டாக இருக்கும். சோதனைக்கு அது முக்கியம், ஏனென்றால் முதல் வரியிலேயே செத்துப்போகும் புரோகிராம் ஜிட் வாசலுக்கே வராது.

விடை கொஞ்சம் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு 2018இல் வி8இல் சரிசெய்யப்பட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பூஜ்யத்துக்குக்கூட குறி உண்டு, 0 வேறு, −0 வேறு. எக்ஸ்பிஎம்1 என்ற கணித ஃபங்ஷனுக்கு −0 கொடுத்தால் −0 திரும்ப வரவேண்டும். டர்போஃபேனில் எந்த ஃபங்ஷன் என்ன டைப்பில் விடை தரும் என்று குறித்திருக்கும் இடத்தில், இதற்கு −0 வரவே வராது என்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு அற்பமான தப்பு! ஆனால் சங்கிலியைப் பாருங்கள். 'விடை −0 ஆ?' என்று புரோகிராம் கேட்டால் கம்பைலர் தனக்குத் தெரியும் என்று எண்ணி 'இல்லை' என்று முடிவு செய்துகொள்ளும், அதாவது 0. அந்த 0வை எதனால் பெருக்கினாலும் 0தான், அதை அர்ரேயின், அதாவது பட்டியலின், இன்டெக்ஸாக (வரிசை எண்ணாக) வைத்தால் அது கண்டிப்பாக எல்லைக்குள் இருக்கும், அப்படியானால் எல்லைச் சோதனை வீண், தூக்கிவிடு. நிஜத்தில் ஓடும்போது விடை 'ஆம்', அதாவது 1, இன்டெக்ஸ் அர்ரேக்கு வெளியே எங்கோ போய் நிற்கும், தடுக்க யாரும் இல்லை. ஒரு வெப் பக்கம் பிரவுசரின் மெமரியைப் படிக்கவும் எழுதவும் வழி திறந்தாயிற்று. காவலை எடுப்பதில்தான் வேகம் இருக்கிறது, ஆபத்தும் அதே இடத்தில்தான். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் குழு 2021இல் ஜிட்டை அணைத்து ஓட்டும் பரிசோதனையை அறிவித்தபோது, வி8இன் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 45 சதவீதம் ஜிட் சம்பந்தப்பட்டவை என்று சொன்னார்கள். ஆப்பிள் 2022இல் கூடுதல் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த லாக்டவுன் மோடும் ஜாவாஸ்கிரிப்ட் ஜிட்டை அணைத்துவிடுகிறது.

வேகத்தை அளப்பது பற்றி ஒரு வார்த்தை. ஜிட் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும், அப்புறம் நிலையாக ஓடும், அந்த நிலையான பகுதியை மட்டும் அளந்தால் போதும் என்பது நம்மில் பலரும் பின்பற்றும் வழக்கம். எட் பாரெட், லாரன்ஸ் டிராட் உள்ளிட்டோர் 2017இல் பல எஞ்சின்களை எடுத்துப் பொறுமையாக அளந்தார்கள், உச்ச வேகத்துக்குப் போய் அங்கேயே நிலையாக நின்றவை பாதிகூடத் தேறவில்லை. சில ஓடஓட மெதுவாகின, சில கடைசிவரை தள்ளாடின. பிஹெச்பி 8இல் 2020இல் ஜிட் வந்தபோதும் கணக்குப் போடும் புரோகிராம்கள் பறந்தன, சாதாரண வெப்சைட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே நேரம் போவது டேட்டாபேஸுக்குக் காத்திருப்பதில்.

நாங்களும் சின்னதாக ஒரு ஃபஸ்ஸர் எழுதி ராத்திரி முழுக்க ஓட விட்டோம். காலையில் எழுந்து பார்த்தால் இருநூறு வரிப் புரோகிராம் ஒன்று, ஜிட்டில் ஒரு விடை, இன்டர்பிரட்டரில் வேறு விடை. எந்த ஃபங்ஷனில் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் இத்தனை ஃபங்ஷன்களை மட்டும் கம்பைல் செய் என்று ஒரு வரம்பு வைத்து, அந்த எண்ணைப் பாதி பாதியாகக் குறைத்துப் பார்த்தால் ஐந்தாறு ஓட்டத்தில் குற்றவாளி சிக்கிவிடும். சிக்கியது. அதற்குள் இருந்தது மீதி கணக்கு: −7ஐ 3ஆல் வகுத்தால் மீதி என்ன? ஜிட் சிப்பின் வகுத்தல் கட்டளையை அப்படியே போட்டிருந்தது, விடை −1. இன்டர்பிரட்டரில் நான் எப்போதோ பைதான் பழக்கத்தில் எழுதியது 2 என்றது. சியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் −1, பைதானிலும் லுவாவிலும் 2.

"எதுங்ண்ணா சரி?" என்றான்.

அன்றுவரை அந்த மொழிக்கு நாங்கள் ஒரு வரி இலக்கணம்கூட எழுதி வைத்திருக்கவில்லை. ஜிட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் 'மீதி: வகுக்கும் எண்ணின் குறியையே கொண்டிருக்கும்' என்று எழுதினோம். இரண்டாம் பக்கத்தில் −0.